பதின்மூன்று ஓவரும் நான்கு பந்தும்

அறுபத்து நான்கு என்று காட்டுகிறது. சுட்டுவிரலில் மோதிரம்போல மாட்டிக்கொண்டு பெருவிரலால் அழுத்துகிற சின்னப் பெட்டி, அம்மா சாமியறையில் நூற்றெட்டுத் தடவை நாமம் சொல்லும்போது எண்ணுகிற பெட்டி. லீக் தந்த கருவி ஓகஸ்டில் உடைந்துபோனதால் அம்மாவிடம் கேட்டு வாங்கிவந்தேன். அறுபத்து நான்கு. அது பிழை. பெட்டியைக் குறை சொல்லமுடியாது, அழுத்திய அளவுக்கு அது காட்டுகிறது, அழுத்த மறந்தவன் நான், எத்தனை தடவை மறந்தேன் என்பதுதான் தெரியவில்லை, ஆறாக இருக்கலாம், பத்தாக இருக்கலாம், அதற்கு மேலாகவும் இருக்கலாம். மேட்டில் நின்று பந்து எறிகிற நிதர்சனாவுக்கு இது தெரியாது. நடுவருக்குத் தெரியாது. வலைக்கு அந்தப் பக்கம் மடக்குக் கதிரைகளில் இருக்கிற தாய் தகப்பன்மாருக்குத் தெரியாது. எங்கள் பேஸ்போல் லீக்கில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு நாளில் எழுபத்தைந்து பந்துக்கு மேல் எறியக்கூடாது. வளர்கிற எலும்பு, முழங்கை மூட்டில் இன்னும் இறுகாத ஒரு இடம் இருக்கிறது, அது கிழிந்தால் பிறகு கை பழையபடி வராது. ஏப்ரலில் கோச்மாருக்கு நடந்த வகுப்பில் ஒரு டொக்டர் அவித்த கோழிக்கால் ஒன்றைக் கையில் எடுத்து மெதுவாக முறுக்கிக் காட்டினார், டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுபத்தைந்தைத் தாண்டினால் ஆட்டமும் எதிரணிக்கு. இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர் எண்ணவேண்டும், பிறகு ஒப்பிடவேண்டும். எதிரணியில் எண்ணுகிற பெண்மணிக்கு இன்றைக்குக் காய்ச்சலாம். அவர்களுடைய கோச், வெள்ளைத் தாடிக்காரர், ஆட்டம் தொடங்கமுதல் என் கையைப் பிடித்துக் குலுக்கி, உன்னுடைய கணக்கே போதும் சேந்தன், உன்னை எனக்குத் தெரியும்தானே என்றார். ஐந்தாவது இன்னிங்ஸ் முடிய நான் அறுபது என்றேன், நடுவர் கொப்பியில் அறுபது என்று எழுதினார். இது ஆறாவது, கடைசி. நாலுக்கு மூன்று, நாங்கள் முன்னால். ஒருவன் அவுட். இன்னும் இரண்டு பேரை அவுட் ஆக்கினால் இந்தப் பருவம் முடிகிறது, கிண்ணம் எங்களுக்கு, நான் வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன், ஆனால் கால் நிற்கிற இடத்தை, மைதான ஓரத்தில் அணி இருக்கிற இந்தக் கூட்டைப் பார்த்தால் மூன்று பக்கமும் கம்பிவலை, நாலாவது பக்கம் என் இடுப்பளவு கதவு ஒன்று, அதில் கொளுக்கி போட்டிருக்கிறது, போட்டவனும் நான்தான்.

நாலாவது இன்னிங்ஸில் நடந்தது. வலது காதில் இருக்கிற இந்த ஒற்றை ரேடியோக் குமிழ்தான் காரணம் என்று சொல்லலாம், ஆனால் குமிழை யார் காதில் வைத்தது. இன்றைக்கு நகரத்து அணிக்கும் கடைசி ஆட்டம். நூற்று அறுபத்திரண்டாவது. வென்றால் மேலே போவார்கள், தோற்றால் அடுத்த ஏப்ரல்வரை ஒன்றும் இல்லை. இந்த வருடம் நூற்று அறுபது ஆட்டங்களை ரேடியோவில் கேட்டிருக்கிறேன், ஒன்றே ஒன்றுதான் தவறியது, மே மாதம் மச்சாளின் கலியாணத்தன்று, மண்டபத்தில் மேளம் அடிக்கிற நேரத்தில் காதில் குமிழ் வைத்தால் அம்மா பிடுங்கி எறிவார் என்று விட்டுவிட்டேன், ஐந்து ஓட்டம் முன்னால் நின்றவர்கள் அன்றைக்குத் தோற்றார்கள். சிரிப்பார்கள் என்று இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. நான் கேட்காவிட்டால் அவர்கள் தோற்பார்கள். இது எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். அம்மப்பா கதை சொல்லும்போது நான் ம் கொட்டவேண்டும். ஒரு நாட்டிலே ஒரு ராசா, ம், அந்த ராசாவுக்கு ஒரே ஒரு மகன், ம், மகனைக் கள்ளர் பிடிச்சுப் பாழ்கிணத்திலை போட்டிட்டாங்கள். அந்த இடத்தில் ஒருநாள் நான் ம் சொல்லாமல் ஜன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் நிறுத்திவிட்டார். பிறகு அம்மப்பா என்று கேட்டேன். பிறகென்ன, நீ ம் கொட்டேல்லை, அவன் உள்ளைதான் கிடக்கிறான் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். பகிடிக்குத்தான் செய்தார். எனக்கு ஏழு வயது, அவனை அடுத்த நாளும் அவர் வெளியில் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்டால் இன்னும் உள்ளேதான் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். அப்படித்தான் நாலாவது இன்னிங்ஸில், எங்கள் பிள்ளைகள் வெளியில் நிற்க, காதுக்குள் நகரத்து அணி மூன்று தளங்களிலும் ஆட்களை நிறுத்திவிட்டது, ஒரு நல்ல அடி போதும், கிழட்டு வர்ணனையாளரின் குரல் உயர உயர நான் உள்ளுக்குள் ம் கொட்டிக்கொண்டே போனேன், பெருவிரல் சும்மா கிடந்தது. கண் பார்த்தது. நிதர்சனா எறிவதையும், பந்து கையுறைக்குள் விழுவதையும், ஒரு பையன் மட்டையைப் போட்டுவிட்டுத் தலை குனிந்து போவதையும் கண் பார்த்தது, விரல் அழுத்தவில்லை. ஒருவனா, இரண்டு பேரா, மூன்று பேரா. நாலாவது முடிந்ததும் நடுவர் திரும்பிப் பார்த்தார், நான் பெட்டியைப் பார்த்து நாற்பத்தொன்று என்றேன். என் குரல் தடுமாறவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்துகிறது, கொஞ்சமாவது தடுமாறியிருக்கலாம்.

எறிகிறாள். இடது முழங்கால் மேலே, ஒரு நொடி கொக்குப்போல நிற்கிறாள், பிறகு முழு உடம்பும் கையின் பின்னால் ஓடுகிறது. மட்டைக்காரன் அசையவில்லை, நடுவர் கையைத் தூக்குகிறார், ஒரு ஸ்ட்ரைக், மூன்றானால் அவுட். அறுபத்தைந்து. இப்போது ஒவ்வொன்றுக்கும் அழுத்துகிறேன், பெரிய நேர்மைக்காரன்போல. எறிந்து முடிந்த கையை அவள் இடுப்பில் வைத்துத் தேய்க்கிறாள், ஐந்தாவதிலிருந்து இப்படித்தான், துணியில் எதையோ துடைப்பதுபோல, துடைப்பது விரலை அல்ல, முழங்கையின் உள்பக்கத்தை. இடைவேளையில் கேட்டேன், நோகுதோ என்று. நோ கோச் என்றாள், என் முகத்தைப் பார்க்காமல் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு. அவள் என்னோடு இங்கிலிஷில்தான் பேசுவாள், தமிழ் கோபம் வந்தால் மட்டும், அப்போது அது அப்படியே தாயின் தமிழாக வரும். நோ கோச். நான் கிங்ஸ்ரன் வீதியில் ஒரு பல் வைத்தியசாலையின் முன்மேசையில் இருக்கிறேன், கிழமைக்கு ஐந்து நாள், பிள்ளைகள் தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், ஒரு நாளைக்கு நாற்பது தடவை நோகாது, நோகாது என்று சொல்வதுதான் எனக்கு வேலை. நோகும் என்று முகத்திலேயே தெரிகிற ஆட்களை எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சரி என்று தலையாட்டினேன். ஏனென்றால் அவளுடைய தகப்பன் வந்திருக்கிறார். மூன்று வருடத்தில் முதல் தடவை, சனி ஞாயிறு முழுக்க பாண் பேக்கரியில் வேலை, இன்றைக்குத்தான் லீவு கேட்டு வந்திருக்கிறார், மூன்றாவது தளத்துக்குப் பக்கத்தில் நின்று, பிள்ளை, லைனைப் பார், லைனைப் பார் என்று கிரிக்கெட் கத்துக் கத்துகிறார், அவள் திரும்பிப் பார்க்காமல் காது சிவக்கிறாள். அவரை வைத்துக்கொண்டு அவளை மேட்டிலிருந்து இறக்குவது எப்படி. இறக்கினால் ஏற்றுவதற்கு லூக்கஸ் இருக்கிறான், நல்ல பிள்ளை, என் பக்கத்தில் வாங்குப் பலகையில் சூரியகாந்தி விதை சப்பிக்கொண்டு இருக்கிறான், ஆனால் அவன் எறிகிற பந்து அவனுக்கே தெரியாத இடத்துக்குப் போகும்.

அறுபத்தாறு. மட்டையில் பட்டு, வலைக்கு மேலால் வாகனம் நிறுத்துமிடத்துக்குப் போய் எதன்மேலோ விழுகிறது, அதுவும் ஸ்ட்ரைக், யாரோ சிரிக்கிறார்கள். காதுக்குள் அங்கே ஒன்பதாவது, ஒரு ஓட்டம் பின்னால் நிற்கிறோம். குமிழைக் கழற்றவேண்டும். கழற்றினால் எண்ணலாம், ஆனால் இனி எண்ணி என்ன செய்ய, தொலைந்தது நாலாவதில். அம்மா நாமம் சொல்லும்போது ரெலிபோன் அடித்தாலோ நான் கூப்பிட்டாலோ எண்ணிக்கை பிசகிவிடும், அப்போது ஊகிக்கமாட்டார், அறுபதோ எழுபதோ தெரியேல்லை எண்டால் ஒண்டிலையிருந்து துவங்கு, கடவுளுக்குக் குறைச்சுச் சொல்லுறதை விடக் கூட்டிச் சொல்லுறது நல்லது என்பார். அம்மாவுக்கு அது இலேசு. நூற்றெட்டை இருநூறாகச் சொன்னால் தொண்டை வறளும், அவ்வளவுதான். இந்தக் கையை எப்படி ஒன்றிலிருந்து தொடங்குவது. பேசாமல் மாற்றிவிடலாம், ஒரு காரணமும் சொல்லாமல் நடந்துபோய்ப் பந்தை வாங்கி லூக்கஸிடம் கொடுக்கலாம், கொப்பியில் அறுபத்தாறு என்றே இருக்கும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, கையும் தப்பும், என் மானமும் தப்பும், ஆட்டம் மட்டும் போகலாம், போகாமலும் விடலாம். பிறகு ஏன் நிற்கிறேன். எண் தெரியாததால் நிற்கிறேன். ஒருவேளை ஆறுதான் விட்டிருந்தால் இன்னும் மூன்று பந்து இருக்கிறது, விதிக்கு உள்ளேதான் நிற்கிறாள், ஒரு பிழையும் இல்லாத பிள்ளையை இரண்டு பேர் மிச்சமிருக்க இறக்கிவிட்டவன் ஆவேன். ஒருவேளை பன்னிரண்டு விட்டிருந்தால். அந்த ஒருவேளைக்குள் போகாமல் திரும்பி முதல் ஒருவேளைக்கு வருகிறேன், அங்கே கொஞ்சநேரம் இருக்கிறேன், சூடாக இருக்கிறது, போர்வைக்குள் இருப்பதுபோல, பிறகு அவள் கையை இடுப்பில் தேய்க்கிறாள், திரும்ப வெளியில் வருகிறேன், திரும்பப் போகிறேன். அறுபத்தேழு, வெளியில் போன பந்து. கொளுக்கியைத் தொட்டுப் பார்க்கிறேன். குளிர்ந்த இரும்பு. எடுக்கவில்லை. அவள் மேட்டில் குனிந்து மண்ணைக் காலால் தட்டுகிறாள், நிமிர்கிறாள், முழங்கால் மேலே, கொக்கு, ஓடுகிறது உடம்பு, மட்டைக்காரன் காற்றை அடிக்கிறான், கையுறையில் பந்து விழுந்த சத்தம் எனக்கு டிக் என்று கேட்கிறது, அப்படியான சத்தம் இல்லை அது, ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்கிறது. அறுபத்தெட்டு. இரண்டாவது ஆள் அவுட். இன்னும் ஒருவன். பிள்ளைகள் வலையைப் பிடித்து உலுக்குகிறார்கள், கூடு முழுக்க அதிர்கிறது. பந்து பிடிக்கிற பையனின் காற்கவச வார் அறுந்துவிட்டதாம், நடுவர் கையைக் காட்டி ஆட்டத்தை நிறுத்துகிறார், அவன் குனிந்து கட்டுகிறான்.

முதுகுக்குப் பின்னால், வலைக்கு அந்தப் பக்கம், சேந்தன் தம்பி என்று குரல். தயாபரன் அண்ணை, அவளுடைய தகப்பன்தான், மூன்றாவது தளப் பக்கத்திலிருந்து எப்போது இங்கே வந்தார் என்று தெரியவில்லை. கக்கத்தில் கடுதாசிப் பையில் கச்சான் கடலை, வாயிலும் கச்சான். "என்ன தம்பி, வேர்த்து ஊத்துது உமக்கு. ஆடுறது பிள்ளையள், வேர்க்கிறது உமக்கு." ஒன்றுமில்லை அண்ணை என்றேன். "நான் உந்த விளையாட்டை ஒரு சதத்துக்கும் மதிக்காதனான், தெரியுமே. மட்டையைக் கண்டால் உலக்கை மாதிரி, அடிச்சிட்டுப் போட்டிட்டு ஓடுறாங்கள். ஆனால் இண்டைக்குச் சொல்லுறன், பிள்ளை எறியுறது எறிதான்." ஓம் அண்ணை. "இல்லை, நான் சும்மா சொல்லேல்லை. பதின்மூண்டு ஓவரும் நாலு பந்தும் ஒரே வேகத்திலை. எங்கடை ஊரிலை அந்தக் காலத்திலை வளந்த பெடியங்களே பத்து ஓவரிலை நாக்குத் தள்ளுவாங்கள்." நான் திரும்பினேன். என்ன சொன்னீங்கள் அண்ணை. "பதின்மூண்டு ஓவர். நாலு பந்து." அதை ஆர் எண்ணினது என்றேன், என் குரல் எனக்கே யாரோ பக்கத்து வீட்டுக்காரருடையதுபோல இருந்தது. அவருக்குப் பெருமை வந்துவிட்டது. "நான் பருத்தித்துறையிலை பதினாறு வருசம் அம்பயராய் நிண்டனான் தம்பி. பந்து போடுற இடத்திலை என்ரை கை சும்மா இராது." காற்சட்டைப் பைகளிலிருந்து இரண்டு கையையும் எடுத்து விரித்தார். வலதில் நாலு சின்னக் கற்கள், இடதில் இரண்டு. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கல் இடமிருந்து வலத்துக்குப் போகும், ஆறும் போனால் ஓவர். ஓவருக்கு ஒரு கச்சான் கோது. நாடியால் காட்டினார். வலைக்குப் பின்னாலுள்ள பலகையில் கோதுகள் வரிசையாக இருந்தன, ஊர்வலம் போவதுபோல, நின்ற இடத்திலிருந்து இங்கே வரும்போது அவற்றையும் பொறுக்கிக்கொண்டு வந்து திரும்ப அடுக்கியிருக்கிறார். எண்ணினேன். பதின்மூன்று. காற்றில் ஒன்று விழுந்திருக்கலாம், விழுந்திருந்தால் எண் கூடுமே தவிரக் குறையாது. ஒவ்வொரு இன்னிங்ஸும் துவங்கமுதல் சும்மா எறிஞ்சு பாக்கிற பந்துகளையும் எண்ணினீங்களோ அண்ணை. "விசரே, அது வோர்ம் அப் எல்லே." தூரப் போன பந்துகளை. "இஞ்சை வைட் எண்டு ஒண்டு இருக்கோ தம்பி. எறிஞ்சது எறிஞ்சதுதானே." கச்சானை உடைத்து என் பக்கம் வலைக்குள்ளால் நீட்டினார். வாங்கினேன். வாங்கியதைக் கையில் வைத்துக்கொண்டு பதின்மூன்றை ஆறால் பெருக்கினேன், சின்ன வயதில் வாய்ப்பாடு சொல்வதுபோல உதடு அசைந்திருக்கவேண்டும், அவர், என்ன தம்பி, கும்பிடுறீரோ என்றார். எழுபத்தெட்டு. எழுபத்தெட்டும் நாலும் எண்பத்திரண்டு.

எண்பத்திரண்டு. பதினாலு விட்டிருக்கிறேன். இவ்வளவு நேரமும் இந்தக் கூட்டுக்குள் நின்று ஒருவேளை, ஒருவேளை என்று சுற்றிக்கொண்டிருந்தபோதே அவள் தாண்டிவிட்டாள், நான் அழுத்திய அறுபத்தைந்து எழுபத்தொன்பது, அறுபத்தாறு எண்பது, என் பெருவிரல் மரியாதையாக எண்ணிய நாலும் எறியக்கூடாத நாலு. போர்வை போய்விட்டது. இனிப் பேசாமல் மாற்றினாலும் எனக்கு எண் தெரியும், கொப்பியில் வேறு எண் இருக்கும், தாடிக்காரர் வந்து கை தருவார். அவருக்கும் தெரியாது, இந்த மனுசனுக்கும் தெரியாது, அவருக்கு எழுபத்தைந்து என்று ஒன்று இருப்பதே தெரியாது, தன் மகளின் கை எத்தனை தடவை சுழன்றது என்பதைக் கச்சான் கோதில் அடுக்கி வைத்துக்கொண்டு மகிழ்ச்சியாகச் சப்பிக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒருவன்தான். மூன்று பந்தில் முடிக்கக்கூடியவள். மூன்று பந்து. டொக்டரின் கையிலிருந்த கோழிக்கால் எத்தனையாவது முறுக்கில் டிக் என்றது. அவர் முறுக்கத் தொடங்கியபோது நான் எண்ணவில்லை, சிரித்துக்கொண்டிருந்தேன், எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காதுக்குள் வர்ணனையாளர் திடீரென்று மூச்சை இழுக்கிறார், பந்து உயர, உயர, பின்னோக்கி என்கிறார், நான் குமிழைப் பிடுங்கினேன். ம் கொட்டவில்லை. எங்கோ ஆயிரக்கணக்கான ஆட்களின் இரைச்சல் ஒரு பொட்டளவாக என் சட்டைக்கு முன்னால் தொங்கியது, வென்ற இரைச்சலா தோற்ற இரைச்சலா என்று அந்த அளவில் தெரியாது. கொளுக்கியை எடுத்தேன். நடுவரைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினேன்.

மேட்டுக்குப் போகிற தூரம் இருபது காலடி இருக்குமோ, நடந்துகொண்டே அழுத்தினேன், அறுபத்தொன்பது, எழுபது, எழுபத்தொன்று. பின்னால் தயாபரன் அண்ணையின் குரல், "என்ன தம்பி, பவுலரை மாத்தப் போறீரோ? ஓவர் முடிய இன்னும் ரெண்டு பந்து கிடக்கு," என்று, பகிடியாகத்தான், சிலர் சிரித்தார்கள். எழுபத்தாறு. எழுபத்தேழு. நிதர்சனா நான் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நெற்றியில் மயிர் ஒட்டியிருந்தது, ஒரு ஆள்தான் கோச், ஒரே ஒரு ஆள் என்று இங்கிலிஷில் சொன்னாள். எண்பத்திரண்டில் பெருவிரலை எடுத்தேன். நடுவர் கொப்பியோடு வந்துவிட்டார், அறுபத்தெட்டுத்தானே என்று பென்சிலை நக்கிக்கொண்டு கேட்டார். எண்பத்திரண்டு என்றேன், நாலாவதில் நான் எண்ணவில்லை, ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். பென்சில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு எதிரணிக் கூட்டின் பக்கம் திரும்பி தாடிக்காரரைக் கையால் கூப்பிட்டார், அவரும் சிரித்த முகத்தோடு எழும்பி வரத் தொடங்கினார், அவர் வந்து சேரும்வரைக்கும் நான் பார்ப்பதற்கு நிதர்சனாவின் முகத்தைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. பருவம் முழுக்க விதியை அவளுக்குப் படிப்பித்தவன் நான்தான். அவள் பெட்டியைப் பார்த்தாள், கம்பிவலையோடு நின்று கச்சானை வாயில் போடுகிற தகப்பனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நோகேல்லை எண்டு நான் பொய் சொன்னனான்தானே," என்றாள், தாயின் தமிழில், மெதுவாக. "நீங்களும் ஒண்டு சொல்லியிருக்கலாம்."

நான் கையை நீட்டினேன். அவளுடைய வலது கை தோளிலிருந்து அப்படியே தொங்கியது, அதைத் தூக்கவில்லை. இடது கையிலிருந்த கையுறையைக் கவிழ்த்து, பந்தை என் உள்ளங்கையில் விழவிட்டாள்.